சபை முந்தியதா, கோயில் முந்தியதா?

சிங்கப்பூரில் டோபி காட் என்னும் பெயரைக் கேளாத தமிழர் இலர். இன்று அது மூன்று இரயில் வழிகள் வந்து கூடும் ஒரு நிலையத்தின் பெயர். "டோபி" என்னும் இந்துஸ்தானிச் சொல் துணி வெளுப்பவரையும், "காட்" என்பது நீர்த்துறையையும் குறிக்கும். தமிழிற் கூறின் வண்ணார் துறை என்பதே பொருள். 19ஆம் நூற்றாண்டில் இங்கு ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்து, அருகிலிருந்த திடலில் உலர்த்தினர். ஓடை பின்னர்க் கால்வாயாயிற்று. தொழிலும் அவ்விடத்தை விட்டு அகன்றது. பெயர் மட்டுமே நிலைத்தது.

இத்துறையைச் சுற்றி நடந்து செல்லும் தொலைவுக்குள் சிங்கப்பூரின் பழமையான கிறித்தவக் கோயில்கள் பல உள்ளன. 1836இல் அமைந்த ஆர்மீனியர் கோயில், 1847இல் எழுந்த நல்லாயன் பேராலயம், 1862இல் அருட்பொழிவு செய்யப்பெற்ற புனித அந்திரேயா பேராலயம், 1870இல் குவீன் ஸ்திரீட்டில் கட்டப்பட்ட புனித பேதுரு பவுல் கோயில், 1878இல் கட்டி முடிந்த ஆர்ச்சர்டு சாலைப் பிரஸ்பிட்டேரியன் கோயில் ஆகியன அவற்றுட் சில. அந்திரேயா பேராலயத்தின் வெண்சுவர்களை எழுப்பியவர் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகளாவர்.

இவற்றைக் காண்பவர் உள்ளத்தில், கிறித்தவ சமயம் என்றால் உயர்ந்த கோபுரமும் மணியும் வண்ணக் கண்ணாடியுமே என்ற எண்ணம் தோன்றுதல் இயல்பு. ஆயின் வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. கோயிலுக்கு முன்பே சபை இருந்தது. கல்லும் சுண்ணாம்பும் சேருமுன்னர் மக்கள் சேர்ந்தனர். எளிய முறையில், வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் தானே முளைத்து வளர்ந்த அத்தகைய சபைகளைப் பற்றியும், அவற்றில் தமிழர் கொண்ட பங்கினைப் பற்றியும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்கள் கூறும் செய்தி

முதற்கண் சொற்களை நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் "எக்லேசியா" என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. அது கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடிய அவையின் பெயர், கட்டடத்தின் பெயரன்று. ஆங்கிலத்தார் வழங்கும் "சர்ச்" என்பதோ "ஆண்டவனுக்குரியது" என்னும் பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அது நாளடைவில் மக்களையும் குறித்தது, மாளிகையையும் குறித்தது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியமையால் ஐரோப்பியருக்கு ஏற்பட்ட மயக்கம் சிறிதன்று.

தமிழில் அம்மயக்கம் இல்லை. கூடும் மக்களைச் "சபை" அல்லது "திருச்சபை" என்கிறோம். அவர்கள் கூடும் இடத்தைத் "தேவாலயம்", "கோயில்" என்கிறோம். திருநெல்வேலிச் சீமையில் மக்கள் வாக்கில் அது "வேதக்கோயில்". கோயில் என்னும் சொல்லையே பிரித்துப் பார்த்தால் கோ, இல் என இரண்டாகும். அரசன் இல்லமே பின்னர் இறைவன் இல்லமாயிற்று. எத்துணைப் பெரிய கோபுரம் எழுந்தாலும் அச்சொல்லின் உள்ளே "இல்" என்னும் வீடு இருந்துகொண்டே இருக்கின்றது.

மற்றொரு சொல் "பள்ளி". சமண முனிவரும் பௌத்தத் துறவியரும் தங்கிய இடம் பள்ளி. அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால் நம் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் வாய்த்தது என்பர் அறிஞர். இசுலாமியர்க்குப் பள்ளிவாசல் உண்டு. மலையாளத்தில் கிறித்தவக் கோயிலையும் பள்ளி என்றே கூறுவர். கூடுவதும் கற்பதும் வழிபடுவதும் ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

முதல் மூன்று நூற்றாண்டுகள்

தொடக்ககாலக் கிறித்தவர்களுக்குத் தனிக் கோயில் இருந்ததில்லை. பவுல் எழுதிய மடல்களில், கூடாரம் செய்யும் தொழிலினரான ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் கணவன் மனைவியர் வீட்டில் கூடும் சபைக்கு வாழ்த்துக் கூறப்படுகின்றது. பிலேமோன் என்பவர் வீட்டுச் சபையும், நிம்பா என்பவர் வீட்டுச் சபையும் அவ்வாறே குறிக்கப்படுகின்றன. தொழிலாளர் இல்லங்களும் ஓரளவு வசதியுடையோர் இல்லங்களுமே அந்நாளைய கோயில்கள்.

இதற்குத் தொல்பொருட் சான்றும் உண்டு. சிரியா நாட்டில் யூப்ரடீசு ஆற்றங்கரையிலுள்ள தூரா யூரோப்போசு என்னும் அழிந்த நகரில் 1930களில் அகழ்வாராய்ச்சி நடந்தது. அங்கே 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீட்டுக் கோயில் ஒன்று வெளிப்பட்டது. சாதாரணக் குடியிருப்பு வீடுதான் அது. இரண்டு அறைகளுக்கு இடையே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கியிருந்தனர். மற்றோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி அமைத்திருந்தனர். கூட்டம் பெருகியது, சுவர் விலகியது. எது முந்தியது என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

313இல் உரோமைப் பேரரசில் கிறித்தவத்துக்கு உரிமை கிடைத்தது. அதன் பிறகே அரசரின் ஆதரவில் பெருங்கோயில்கள் வரிசையாக எழுந்தன.

திருநெல்வேலியில் நிகழ்ந்தது

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் புரொட்டஸ்டண்டுக் கிறித்தவம் ஊன்றியதற்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் முதலிய ஐரோப்பியத் தொண்டர்களைக் காரணமாகக் கூறுவது வழக்கம். அது மெய்யே. எனினும் ஊர் ஊராகச் சென்று சபையை வளர்த்தவர்கள் பெரும்பாலும் தமிழரான உபதேசியார்களே. 1799இல் திருநெல்வேலிச் சீமையில் முதலூர் என்னும் சிற்றூர் தோன்றியது. கிறித்தவர்க்கென அமைந்த முதல் ஊராதலின் அப்பெயர் பெற்றது. அதனை உருவாக்கியவர் தாவீது சுந்தரானந்தம் என்னும் தமிழர்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர் இரேனியுஸ். தமிழிலக்கணம் எழுதியவராகவும், 1832இல் வெளிவந்த "பூமிசாஸ்திரம்" என்னும் நூலின் ஆசிரியராகவும் தமிழாசிரியர்கள் அவரை அறிவர். தாம் பயிற்றுவித்த உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிக்கும் முறை பற்றி அவருக்கும் அவரை அனுப்பிய சங்கத்தார்க்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. குருப்பட்டம் ஆங்கிலத் திருச்சபை முறைப்படியே நிகழ வேண்டும் என்பது சங்கத்தார் கொள்கை. லுத்தரன் மரபினரான இரேனியுஸ் அதனை ஏற்கவில்லை. 1835இல் சங்கம் அவரை விலக்கியது. ஒரு சபைக்குத் தலைமை தாங்கும் உரிமை எங்கிருந்து வருகின்றது, கடல் கடந்த அதிகாரத்திலிருந்தா, கூடியிருக்கும் மக்களிடமிருந்தா என்னும் வினா அன்றே நம் மண்ணில் எழுந்துவிட்டது.

அவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை கூறியவர் இரேனியுசின் மாணவராகிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810இல் பிறந்த இவர், பாளையங்கோட்டையில் கல்வி பயின்றபின், அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு பழகினார். குரோவ்ஸ் பல் மருத்துவராக இருந்து நல்ல வருவாயைத் துறந்தவர். பாக்தாதில் தொண்டாற்றிவிட்டு 1833இல் இந்தியா வந்தவர். நம்பிக்கையுடையோர் எங்குக் கூடினும் அதுவே சபை. அப்பம் பிட்டுப் பகிர்வதற்குப் பட்டம் பெற்ற குரு கட்டாயமில்லை. தொண்டர்க்கு நிலையான சம்பளமும் வேண்டுவதில்லை என்பன அவர் கொள்கைகள். இக்கொள்கையினர் பின்னர்ப் பிரதரன், அஃதாவது சகோதரர் சபையார் எனப்பட்டனர்.

அருளப்பன் வெளிநாட்டுச் சங்கங்களின் சம்பளத்தை ஏற்க மறுத்து, 1840இல் இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்தார். அங்கிருந்து அண்டை ஊர்களுக்கு ஆட்கள் சென்றனர். அவர்கள் உழைத்து உண்டு ஊழியமும் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். 1860இல் அவருடைய சபைகளில் பெரும் எழுப்புதல் ஒன்று தோன்றித் திருநெல்வேலிச் சீமையிற் பரவியது. ஆண்களோடு பெண்களும் கூட்டங்களில் வாய்திறந்து பேசினர். வெள்ளைக்காரப் பாதிரியார்களுள் சிலர் இதனை வியந்து வரவேற்றனர். சிலர் ஐயத்தோடு நோக்கினர். 1867இல் அருளப்பன் மறைந்தார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்புகளைக் கொண்டு 1939இல் ஜி. எச். லாங் என்பவர் ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். வேதநாயக சாஸ்திரியாரைப் பாடும் நம் இலக்கிய வரலாறுகளில் அருளப்பனுக்கு ஒரு பத்தி கிடைப்பதுகூட அரிதாக உள்ளது.

வண்ணார் துறையின் அருகில்

இக்கொள்கை கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தது. 1860களில் பிரதரன் கொள்கையினர் சிலர் இங்குக் கூடலாயினர். 1858இல் இராபின்சன் வணிகக் கடையைத் தொடங்கிய பிலிப் இராபின்சன் அவர்களுள் ஒருவர். அவர்கள் டோபி காட்டினை ஒட்டிய பிராஸ் பாசா சாலையில் பெதஸ்தா என்னும் கூடம் ஒன்றை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரைக் கவனிக்க வேண்டும். "சர்ச்" என்னாது "மண்டபம்" என்னும் பொருள்படும் சொல்லையே வழங்கினர். சபை என்பது மக்களே என்பதில் அவர்களுக்கு அத்துணை உறுதி.

மெதடிஸ்டுகளின் வரலாறும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. 1885இல் இந்தியாவிலிருந்து தோபர்னும், பெங்களூரிற் பிறந்த ஓல்டாமும் சிங்கப்பூர் வந்தனர். முதற்கூட்டங்கள் நகர மண்டபத்தில் நடந்தன. மறு ஆண்டு ஓல்டாம் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளியோ, அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில், 13 மாணவர்களோடு பிறந்தது. தமிழரிடையே மெதடிஸ்டு ஊழியம் 1880களிலேயே தொடங்கிவிட்டது. ஷார்ட் ஸ்திரீட்டில் உள்ள தமிழ் மெதடிஸ்டுத் திருச்சபை அதன் வழிவந்தது. கத்தோலிக்கர் நிலையும் இத்தகையதே. புனித பேதுரு பவுல் கோயிலில் முதலிற் சீனரும் தமிழரும் சேர்ந்தே வழிபட்டனர். தமிழர் தொகை பெருகியபின், 1888இல் ஓபீர் சாலையில் லூர்து மாதா கோயில் அவர்களுக்கென எழுந்தது. எங்கு நோக்கினும் முறை ஒன்றே: கூட்டம் முன்னே, கோயில் பின்னே.

தோட்டத்து லயத்தில்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலிற் போதிக்கப்பட்ட விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. ஆதலின் நான் கண்ணாற் கண்ட ஒன்றையும் கூறுகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருக்கும் ஜோகூர்த் தோட்டப் பள்ளிக்குப் பயிற்சி முடித்து இளம் ஆசிரியனாக வந்தபோது, தோட்டத்தில் ஒன்பது கிறித்தவக் குடும்பங்கள் இருந்தன. கோயில் இல்லை. குருவானவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஏனைய ஞாயிறுகளில், மாலை விளக்கேற்றும் நேரம், லயத்தின் கோடி வீட்டில் கூடுவர். பாய் விரித்து அமர்வர். வேதம் வாசிப்பவர் பால் வெட்டும் தொழில் செய்த ஒரு மூதாட்டியார். இதே தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிப்பார். ஆர்மோனியம் இல்லை, கைத்தாளம் உண்டு. யாருக்கேனும் காய்ச்சலென்றால் மறுநாள் பிரட்டுக்குப் போகுமுன் அந்த வீட்டுக்குக் கஞ்சி போய்ச் சேரும்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் அக்காட்சி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மனும் அரச மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கியவள்தானே. பின்னர்த் தகரக் கொட்டகை வந்தது, அதன்பின்னரே கோபுரம். பொதியில்களில் கந்து நட்டு வழிபட்ட பண்டைத் தமிழர் வழக்கின் தொடர்ச்சி அது. எளிமையில் தோன்றி இயல்பாக வளர்வது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று.

இலங்கைத் தோட்டங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1854இல் அங்குத் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு தமிழ் மிஷன் தோன்றியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து சென்று லயங்களில் கூட்டம் நடத்தினர். மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டுமென விதித்தது. அச்சட்டத்தால் பிறந்த பள்ளிகளும் பல இடங்களில் கொட்டகைகளாகவே இருந்தன. அங்கு எழுத்தறிந்தவர்களே பின்னர்க் கோயிலில் தேவாரமும் லயத்தில் வேதமும் வாசித்தனர்.

குறையும் கூற வேண்டும்

எளிய சபைகளைப் புகழ்வதோடு நின்றுவிடின் அது வரலாறாகாது. அவற்றுக்குக் குறைகளும் உண்டு. பதிவேடு வைக்கும் வழக்கம் குறைவு. ஒருவர் ஆற்றலால் வளர்ந்த கூட்டம் அவர் மறைவோடு தளர்வதும் உண்டு. உணர்ச்சி மிகுந்தவிடத்து நெறிப்படுத்துவோர் இன்மையால் பூசல் விளைதலும் உண்டு. கல்வி நிலையங்களையும் மருத்துவ நிலையங்களையும் நெடுநாள் நடத்தப் பெரிய அமைப்புகளே வல்லன. தூரா நகரின் வீட்டுக் கோயிலும், முற்றுகைக்கு அஞ்சி நகரத்தார் மதிலுக்குள் கொட்டிய மண்ணில் புதையுண்டமையால் அல்லவோ நமக்குக் கிடைத்தது!

ஆதலின் கோயில் வேண்டா என்பது இக்கட்டுரையின் முடிவன்று. கொடிக்குப் பந்தல் வேண்டும். பந்தலின்றித் தரையிற் படர்ந்த கொடி மிதிபடும். முல்லைக்குத் தேரீந்த பாரியும் அதனை அறிந்தவனே. ஆனால் கொடி முளைக்காத இடத்தில் பந்தல் போட்டுவிட்டுப் பூவை எதிர்பார்த்தல் பேதைமை. முதலூரும் கிறிஸ்தியான்பேட்டையும் லயத்துக் கோடி வீடும் நமக்குக் காட்டும் பொது இயல்புகள் மூன்று. கூடுவோர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியும் அளவில் இருந்தனர். தலைமை தாங்கியோர் அம்மக்களுள்ளேயே தோன்றினர். வாசிப்பும் பாட்டும் தாய்மொழியில் நிகழ்ந்தன. இம்மூன்றும் உள்ளவரை கூரை எதுவாயினும் சபை நின்றது.

இன்றைய நிலை

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வழிபாட்டிடங்கள் அனைத்தும் பூட்டப்பட்டபோது இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. பெருங்கோயில்களின் மணி ஓய்ந்திருந்தது. அடுக்குமாடி வீடுகளில் குடும்பங்கள் கூடி வழிபட்டன. முதல் நூற்றாண்டு மீண்டு வந்தது போன்ற காட்சி அது.

எங்கள் தோட்டத்தில் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டு நெடுநாளாயிற்று. பழைய லயங்கள் இடிக்கப்பட்டன. ஒன்பது குடும்பங்களும் நகரத்துக்குச் சென்றுவிட்டன; பள்ளிப் பிள்ளைகளும் இப்போது வேனில் வந்து போகின்றனர். சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் வேலைபார்க்கும் பழைய மாணவர் ஒருவர் என்னை டோபி காட் நிலையத்தில் வரவேற்றுத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அந்த மூதாட்டியாரின் பேரர் அவர். அன்று மாலை அவர் வீட்டில் ஆறு குடும்பங்கள் கூடின. அதே பாட்டு, அதே கைத்தாளம். என் உள்ளம் நெகிழ்ந்தது.

ஆனால் அருகிலிருந்த சிறுமியின் கையிலிருந்த தாளைக் கண்டேன். தமிழ்க் கீர்த்தனை ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. வேதப் பகுதியைத் தமிழில் வாசிக்க வேண்டிய முறை வந்தபோது, வீட்டுக்காரர் தயங்கி, "சார், நீங்க வாசிச்சுக் கொடுங்க" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார். கிறித்தவனல்லாத நான் வாசித்தேன். அறுபது வெள்ளிக்கும் எழுபது வெள்ளிக்கும் பால் வெட்டிய பாட்டியார் தடையின்றிச் செய்த பணியைச் செய்ய, நல்ல பதவியில் இருக்கும் பேரர் வீட்டில் ஆளில்லை.

லயம் இடிந்தாலும் அச்சபை அழியவில்லை. அடுக்குமாடிக்கு இடம் பெயர்ந்து வாழ்கின்றது. அதன் உயிர்நாடி கோபுரத்தில் இல்லை, வாசிக்கும் நாவில் உள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அந்நாவைப் பயிற்றுவது யார் பொறுப்பு? பாதிரியார் பொறுப்பு என்று நாம் ஒதுங்க முடியாது. தேவாரம் ஓதும் வீட்டுக்கும் திருக்குர்ஆன் தமிழாக்கம் படிக்கும் வீட்டுக்கும் வேதம் வாசிக்கும் வீட்டுக்கும் ஆள் ஆயத்தம் செய்து அனுப்பும் இடம் ஒன்றே. அது நம் முதல் வகுப்பு. அங்கே அரிச்சுவடி எழுத அமரும் பிள்ளைகளுள் எவர் நாளை எந்த வீட்டில் வாசிப்பார் என்பதை நாம் அறியோம். ஆதலின் அனைவரையும் வாசிக்கப் பழக்குவதே நம் கடன்.